கேளுங்க, பதில் சொல்றோம்: மேடையில பாட்டு, பக்கத்துல பச்சை ஸ்டால்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், கோடைக்கால மியூசிக் ஃபெஸ்டிவல்ல நடக்கற சுற்றுச்சூழல் பிரச்சாரம். சிலர் அங்க வாலண்டியரா நிக்கப் போறவங்க, சிலர் இதெல்லாம் வெட்டி வேலைன்னு கோவப்படறவங்க. எல்லாத்தையும் கலந்தே போட்டுட்டேன், சண்டை வந்தா வரட்டும்.

கே: ஒரு பெரிய ஃபெஸ்டிவல்ல சுற்றுச்சூழல் அமைப்போட ஸ்டால்ல மூணு நாள் நிக்கப் போறேன். போன வருஷம் நின்ன ஃப்ரெண்டு சொன்னா, ஒருத்தரும் திரும்பிக்கூட பாக்கலையாம். ஆளுங்களை எப்படி நிறுத்தறது?

ப: அங்க வர்றவங்க நல்ல காசு குடுத்து டிக்கெட் வாங்கி, மாசக்கணக்கா காத்திருந்து பாட்டு கேக்க வந்திருக்காங்க, உங்க நோட்டீஸை வாங்க யாரும் வரல. இதை மனசுல வெச்சுக்கிட்டா பாதி வருத்தம் போயிடும். சாயங்காலம் பெரிய பேண்ட் மேடை ஏறற நேரத்துல "காலநிலை மாற்றம் பத்தி ஒரு நிமிஷம் பேசலாமா"ன்னு கேட்டா கடவுளே வந்து கேட்டாலும் நிக்க மாட்டாங்க. உங்க நேரம் காலையில. டென்ட்ல வெயில் ஏறி தூங்க முடியாம எழுந்து, பாத்ரூம் கியூவுல, தண்ணி கியூவுல, ஃபோன் சார்ஜ் போடற கியூவுல ஒண்ணும் பண்ண முடியாம நிக்கறாங்க பாருங்க, அவங்கதான் உங்க ஆளு. கியூவுல நிக்கறவங்களுக்கு பேச்சுத் துணை வேணும், நீங்களா போய் இழுக்கவே வேணாம்.

இங்கிலாந்துல நடக்கற கிளாஸ்டன்பரி ஃபெஸ்டிவல்ல கிரீன்பீஸ்ங்கற சுற்றுச்சூழல் அமைப்பு பல வருஷமா தனியா ஒரு மைதானமே வெச்சு நடத்தறாங்க. உள்ள போனா குளிக்க ஷவர் இருக்கும், ஏறி விளையாட ஏதாவது இருக்கும், சின்னதா ஒரு மேடை இருக்கும். குளிக்க வந்தவன் வரிசையில நிக்கறப்போ பேச்சு தானா வரும். உங்களால ஷவர் போட முடியாது, சரி, நிழல் போட முடியும்ல? நாலு பாய், மேல ஒரு துணி, சோலார்ல ஓடற ரெண்டு சார்ஜிங் பாயிண்ட். உச்சி வெயில்ல இதைவிட பெரிய பிரச்சாரம் கிடையாது.

அடுத்தது, ஒரே ஒரு விஷயம் கேளுங்க. ஒரே ஆள்கிட்ட கடலையும் காப்பாத்து, காட்டையும் காப்பாத்து, இறைச்சியை விடு, பேங்கை மாத்துன்னு அஞ்சு கேட்டா அவர் அஞ்சுக்கும் தலையாட்டிட்டு ஒண்ணும் செய்யாம போவார். இந்த வருஷம் எதுன்னு அமைப்புல முன்னாடியே முடிவு பண்ணிட்டு வாங்க. நோட்டீஸ் அடிக்கவே அடிக்காதீங்க, மறுநாள் காலையில அதெல்லாம் சேத்துல மிதிபட்டுக் கிடக்கும், அதை ஃபோட்டோ எடுத்து உங்களையே ஓட்டுவாங்க, நியாயமாத்தான் ஓட்டுவாங்க. கியூஆர் கோடு நல்ல ஐடியாதான், ஆனா ஒரே வயல்ல லட்சம் ஃபோன் இருந்தா நெட்வொர்க் படுத்துடும், பேஜ் சுத்திக்கிட்டே இருக்கும், அதுக்குள்ள ஆள் போயிருப்பார். அதனால நெட் இல்லாமலே ஓடற மாதிரி ஒரு டேப்லெட் ஃபார்ம், இல்லேன்னா பழைய கிளிப்போர்டு, பேனா. எழுதி வாங்கின பேரும் ஈமெயிலும் வெச்ச பேப்பரை மட்டும் காத்துல விட்டுடாதீங்க, அது அவங்க சொந்த விவரம், ராத்திரி பூட்டி வைங்க.

கே: பாட்டு கேக்க வந்த இடத்துல எதுக்கு சார் அரசியல்? எல்லாத்துலயும் இதை நுழைக்கறது இப்போ ஃபேஷன் ஆயிடுச்சு.

ப: இப்போ வந்த ஃபேஷன் இல்லீங்க. கிரீன்பீஸ் அப்படிங்கற அமைப்பு உருவானதே ஒரு கச்சேரி காசுலதான்னு சொன்னா நம்புவீங்களா? அலாஸ்கா பக்கம் அம்சிட்கா தீவுல அமெரிக்கா அணுகுண்டு சோதனை பண்றதை எதிர்த்து ஒரு படகு அனுப்பணும், கையில பணம் இல்ல, அதுக்காக 1970 அக்டோபர் 16ஆம் தேதி கனடாவுல வான்கூவர்ல ஒரு கச்சேரி வெச்சாங்க. ஜோனி மிட்செல், ஜேம்ஸ் டெய்லர், ஃபில் ஓக்ஸ் மூணு பேரும் பாடினாங்க. அந்தக் காசுலதான் 1971 செப்டம்பர்ல படகு கிளம்புச்சு. படகு தீவு வரைக்கும் போய்ச் சேரல, நவம்பர்ல குண்டும் வெடிச்சாங்க. ஆனா ஊர் உலகம் பூரா எதிர்ப்பு கிளம்பி, 1972ல அந்தத் தீவுல இனிமே சோதனை இல்லன்னு அமெரிக்கா அறிவிச்சுது.

கிளாஸ்டன்பரி கதையும் அப்படித்தான். இங்கிலாந்துல சோமர்செட்ல வொர்தி ஃபார்ம்னு ஒரு மாட்டுப்பண்ணை, மைக்கேல் ஈவிஸ்னு பால் பண்ணைக்காரர் 1970ல ஆரம்பிச்சார், டிக்கெட் ஒரு பவுண்டு, பால் ஃப்ரீ. 1981ல அணு ஆயுத எதிர்ப்பு இயக்கமான சிஎன்டிக்காக நடத்தினாங்க, அந்த வருஷம் கட்டின பிரமிட் மேடை குளிர்காலத்துல மாட்டுத் தொழுவமா இருந்துச்சு. பனிப்போர் முடிஞ்சப்புறம் கிரீன்பீஸ், வறுமை ஒழிப்பு அமைப்பான ஆக்ஸ்ஃபாம் பக்கம் திரும்பினாங்க, அப்புறம் சுத்தமான குடிதண்ணிக்காக வேலை செய்யற வாட்டர்எய்டும் சேந்துக்கிச்சு. அரசியல் பிடிக்கலேன்னா அது உங்க இஷ்டம், ஆனா பின்னாடி வந்து ஒட்டிக்கிச்சுன்னு மட்டும் சொல்ல முடியாது.

கே: லட்சக்கணக்கான பேரை வண்டியில வரவெச்சு, டீசல் ஜெனரேட்டர் ஓட்டி, அதுல பூமியைக் காப்பாத்துங்கன்னு பேனர் கட்டறது கேலிக்கூத்தா இல்லையா?

ப: இருக்கு. இதை யாரும் மறைக்க வேண்டியதில்ல. 2007 ஜூலை 7ஆம் தேதி அமெரிக்காவோட முன்னாள் துணை ஜனாதிபதி அல் கோர் முன்னாடி நின்னு உலகம் முழுக்க ஒரே நாள்ல லைவ் எர்த்ங்கற காலநிலை விழிப்புணர்வு கச்சேரிகள் நடந்துச்சு, அப்பவே பாட்டுக்காரங்க பறந்த விமானத்துக்கு எவ்வளவு கார்பன்னு கேட்டு நல்லா வறுத்தெடுத்தாங்க. 2015ல பிரிட்டன் ஃபெஸ்டிவல் துறைக்காரங்களே ஒரு அறிக்கை போட்டாங்க, அதுல அந்த நாட்டு ஃபெஸ்டிவல்கள் எல்லாம் சேந்து வருஷத்துக்கு 23,500 டன் குப்பை, 50 லட்சம் லிட்டருக்கு மேல டீசல்னு கணக்கு. அதைவிட முக்கியமா ஒண்ணு இருந்துச்சு, ஒரு ஃபெஸ்டிவலோட மொத்த கார்பன்ல 80 சதவீதம் வரைக்கும் ஜனங்க வந்து போற பயணத்துலயே போயிடுதுன்னு.

இங்கதான் எனக்கு பெரும்பாலான பிரச்சாரங்கள் மேல கோவம். ஸ்ட்ராவைப் பத்தி பத்து போஸ்டர் இருக்கும், கார் பார்க்கிங் பத்தி ஒரு போஸ்டர் இருக்காது. ஏன்னா ஸ்ட்ராவைப் பத்தி பேசினா ரசிகர் திருந்தணும், பார்க்கிங் பத்தி பேசினா ஆர்கனைசர் திருந்தணும், ரெண்டாவது கஷ்டம், ஸ்டால் போட இடம் குடுத்தவரையே கேள்வி கேக்கணும். ஆனா அங்கதான் மாற்றம் நடக்குது. கிளாஸ்டன்பரியில பொது டிக்கெட் ஞாயித்துக்கிழமை விக்கும், ஆனா கோச் பஸ்ஸோட சேத்து வாங்கற டிக்கெட் ரெண்டு மூணு நாள் முன்னாடி வியாழக்கிழமையே திறந்துடும். கிடைக்காத டிக்கெட்டுக்கு அடிச்சுக்கறவங்க நிறைய, அதனால பஸ்ல வர ஒத்துக்கறவங்களுக்கு ஒரு சான்ஸ் கூடுதலா கிடைக்குது. இதுக்கு ஒரு வரி அறிவுரை கூட தேவைப்படல பாருங்க.

மாசிவ் அட்டாக் பேண்ட் இன்னும் ஒரு படி மேல போனாங்க. பிரிட்டன்ல இருக்கற டிண்டால் ஆராய்ச்சி மையத்து காலநிலை விஞ்ஞானிகளை வெச்சு நேரடி கச்சேரிகளோட கார்பனை எப்படி குறைக்கலாம்னு 2021ல ஒரு அறிக்கை எழுதி வாங்கினாங்க. அப்புறம் 2024 ஆகஸ்ட் 25ஆம் தேதி அவங்களோட சொந்த ஊரான பிரிஸ்டல்ல அதை நடத்தியே காட்டினாங்க. பேட்டரி கரண்ட், சாப்பாடு முழுக்க பால், முட்டை கூட இல்லாத வீகன், கார் பார்க்கிங்கே கிடையாது, கச்சேரி முடிஞ்சு திரும்ப தனி ரயில், பக்கத்து ஏரியாக்காரங்களுக்கு டிக்கெட் முதல்ல. கேலிக்கூத்துன்னு நீங்க சொல்றது அங்க செல்லாது.

கே: சோலார்ல சுடுதண்ணி வெச்சு ஷவர் குடுத்து கையெழுத்து வாங்கறது பிரச்சாரமா, லஞ்சமா?

ப: நாலு நாள் குளிக்காம நின்னு பாருங்க, லஞ்சம்னே வெச்சுக்கலாம்னு தோணும்.

கே: டென்ட்டை அங்கயே விட்டுட்டு வந்தா ஏதாவது அறக்கட்டளை எடுத்து ஏழைங்களுக்கு குடுத்துடுவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது நல்ல காரியம்தானே?

ப: இந்த நம்பிக்கைதான் இருக்கறதுலயே பெரிய குப்பை உற்பத்தி பண்ணுது. சில அமைப்புங்க வந்து பொறுக்கறது உண்மைதான், ஆனா அவங்க கையில இருக்கறது ஒரு வேன், பத்து வாலண்டியர், ஒண்ணு ரெண்டு நாள். எதிர்ல ஒரு வயல் நிறைய சேறு அப்பின, கம்பி உடைஞ்ச, பீர் நாத்தம் அடிக்கற டென்ட்டுங்க. ஒவ்வொண்ணையும் மடிச்சு, கழுவி, காய வெச்சு, கம்பி எல்லாம் சரியா இருக்கான்னு எண்ணி... யார் பண்றது? பெரும்பாலானது லாரியில ஏறி புதைகுழிக்கோ எரியறதுக்கோ போகுது. ரீசைக்கிளும் ஆகாது, பாலியஸ்டர் துணி, கண்ணாடியிழை கம்பி, உலோக ஆணி, பிளாஸ்டிக் ஜிப்னு எல்லாம் கலந்து கிடக்கு.

பிரிட்டன்ல சுயேச்சை ஃபெஸ்டிவல்களோட சங்கம் 2019ல இதுக்குன்னே ஒரு பிரச்சாரம் நடத்துச்சு. அவங்க கணக்குப்படி அந்த நாட்டுல மட்டும் வருஷத்துக்கு 2,50,000 டென்ட் அப்படியே விட்டுட்டுப் போறாங்க. ஒரு டென்ட் சராசரியா 3.5 கிலோ, அதுல பெரும்பாலும் பிளாஸ்டிக், 8,750 ஸ்ட்ராவுக்கு சமம்னாங்க. அதோட கடைக்காரங்ககிட்ட, ஒரு தடவை யூஸ் பண்ணிட்டு தூக்கிப்போடற மாதிரி "ஃபெஸ்டிவல் டென்ட்"னு பேர் வெச்சு விக்காதீங்கன்னும் கேட்டாங்க, அது எனக்கு ரொம்ப பிடிச்சுது. விக்கற இடத்துல கை வெச்சாங்க பாருங்க.

மாறவே மாறாதுன்னும் இல்ல. அதே 2019ல கிளாஸ்டன்பரியில 99.3 சதவீத டென்ட் வீட்டுக்கு திரும்பிப் போச்சுன்னு நடத்தறவங்க அறிவிச்சாங்க. அங்க டிக்கெட் புக் பண்ற நேரத்துலயே பண்ணையை மதிப்பேன்னு உறுதிமொழி வாங்கறாங்க, தவிர அது நிஜமாவே மாடு மேயற நிலம், மண்ணுல மாட்டிக்கிட்ட டென்ட் ஆணியை மாடு தின்னா செத்துடும்னு சொன்னா யாருக்கும் உறைக்கும். பொதுவா சுற்றுச்சூழல்னு சொல்றதைவிட இந்த மாடுன்னு சொன்னா வேலை நடக்குது. உங்க போஸ்டர் எழுதறப்போ ஞாபகம் வெச்சுக்கோங்க.

கே: முகத்துல கிளிட்டர் போடறது தப்பா? மக்கும் கிளிட்டர்னு விக்கறாங்களே?

ப: சாதா கிளிட்டர் பிளாஸ்டிக் படலத்தை பொடியா நறுக்கினது, கழுவினா தண்ணியில போயிடும். பிளாஸ்டிக் கிளிட்டரை தூளா விக்கறதை ஐரோப்பிய யூனியன் 2023 அக்டோபர்ல தடை பண்ணிடுச்சு. மக்கும்னு போட்டதும் அப்பாவி இல்ல, 2020ல வந்த ஆங்லியா ரஸ்கின் பல்கலைக்கழக ஆய்வுல அதுவும் நீர்ச்செடியை பாதிக்குதுன்னு தெரிஞ்சுது. பெயின்ட் போட்டுக்கோங்க, ஃபோட்டோவுல நல்லாவே விழும்.

கே: ஃபெஸ்டிவல்ல எங்க பாத்தாலும் "நிலத்துல ஒண்ணுக்கு போகாதீங்க"ன்னு போர்டு. சிரிப்பா இருக்கு. வயல்ல போனா உரம்தானே?

ப: ஒருத்தர் போனா உரம். ரெண்டு லட்சம் பேர் கூடற இடத்துல பத்துல ஒருத்தர் வேலிக்குப் பின்னாடி ஒதுங்கினாலே அத்தனையும் சேந்து அம்மோனியாவா பக்கத்து ஓடையில இறங்கும், மீன் தாங்காது. கிளாஸ்டன்பரி பண்ணை வழியா ஒயிட்லேக்னு ஒரு சின்ன ஆறு ஓடுது. 2019 ஃபெஸ்டிவலுக்கு முன்னாடியும் பின்னாடியும் பாங்கோர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அந்த ஆத்துத் தண்ணியை எடுத்து டெஸ்ட் பண்ணினாங்க. முடிவு 2021ல வந்துச்சு, ஃபெஸ்டிவல் முடிஞ்ச அடுத்த வாரம் தண்ணியில எம்டிஎம்ஏ போதைப்பொருள் நாலு மடங்கு ஏறியிருந்துச்சு, கொக்கைன் அளவு அழிவு நிலையில இருக்கற ஐரோப்பிய விலாங்கு மீனுக்கு ஆபத்தான அளவுல இருந்துச்சு. ஆளுங்க உடம்புக்குள்ள போனது எல்லாம் ஒண்ணுக்கு வழியா விலாங்கு மீனுக்கு போகுது.

சரி, தப்பு முழுக்க ரசிகர் மேலயா? கழிவறை போதாம, ஒண்ணுக்கொண்ணு தூரமா, முக்கால் மணி நேரம் கியூவா இருந்தா போர்டு வெச்சு என்ன பிரயோஜனம். பொண்ணுங்க கியூ பத்தி தனியாவே ஒரு பக்கம் எழுதலாம். இன்னொண்ணு, 2014ல கழிவுநீர் தொட்டியே கசிஞ்சு அதே ஒயிட்லேக் ஆத்துல மீன் செத்துச்சு, கேஸ் கோர்ட் வரைக்கும் போய் ஃபெஸ்டிவல் நிர்வாகம் அபராதம் கட்டுச்சு. அதனால போர்டு வைக்கறவங்க அவங்களோட கழிவுநீர் தொட்டியையும் ஒரு எட்டு பாக்கணும்.

உரம்னு சொன்னீங்கல்ல, அதையும் ஒழுங்கா பண்ணியிருக்காங்க. டென்மார்க்ல ரோஸ்கில்ட ஃபெஸ்டிவல்ல 2015ல 50,000 லிட்டர் மாதிரி ஒண்ணுக்கை தனியா சேமிச்சு, பார்லி வயலுக்கு உரமா போட்டு, அந்த பார்லியில பீர் காய்ச்சி 2017ல வித்தாங்க. பீர்ல ஒண்ணுக்கு கலக்கலைன்னு அந்த கம்பெனி எத்தனை தடவை விளக்கம் குடுத்திருக்கும்னு நினைச்சா பாவமா இருக்கு.

கே: மேடையில பெரிய ஆளுங்க வந்து காலநிலை பத்தி பேசறாங்க, கூட்டம் கை தட்டுது, அதோட முடிஞ்சுது. பிரயோஜனம் உண்டா?

ப: பேச்சுக்குப் பின்னாடி என்ன இருக்குங்கறதைப் பொறுத்தது. 2019ல இயற்கை ஆவணப்படங்களுக்கு பேர் போன டேவிட் அட்டன்பரோ கிளாஸ்டன்பரி மேடைக்கு வந்தார், அந்த வருஷம்தான் அங்க பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் விக்கறதை நிறுத்தினாங்க. அதுக்கு முன்னாடி 2017ல அங்க பத்து லட்சம் பாட்டிலுக்கு மேல வித்திருந்துச்சு. பாட்டிலை நிறுத்தறதோட நிக்காம, ஊர் பூரா குழாயும் வாட்டர்எய்ட் தண்ணிப் பந்தலும் போட்டாங்க. அதனால அவர் கூட்டத்துக்கு நன்றி சொன்னப்போ, கை தட்டினவங்க நிஜமாவே ஒரு காரியத்தை செஞ்சு முடிச்சவங்க. 2022ல அதே மேடையில ஸ்வீடன் காலநிலைப் போராளி கிரேட்டா துன்பெர்க் பேசினாங்க, காரமா நல்லாத்தான் பேசினாங்க, ஆனா அன்னைக்கு கேட்டவங்க வெளிய போய் கையால செய்ய ஒண்ணு இல்ல. ரெண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும், எது நிக்குதுன்னு கேட்டீங்கன்னா பாட்டில்தான் நிக்குது.

கோல்ட்ப்ளே பேண்ட் பத்தியும் சிலர் கேட்டிருக்கீங்க. 2019ல சுற்றுச்சூழலுக்கு கெடுதல் இல்லாம டூர் போக வழி தெரியற வரைக்கும் போக மாட்டோம்னு சொன்னாங்க, அப்புறம் ரசிகர் ஆடினா கரண்ட் வர்ற தரை, மிதிச்சா கரண்ட் வர்ற சைக்கிள்னு எல்லாம் வெச்சு கிளம்பினாங்க. போன டூரைவிட 59 சதவீதம் கார்பன் குறைஞ்சுதுன்னு 2024ல அறிவிச்சாங்க, அமெரிக்காவுல இருக்கற எம்ஐடி பல்கலைக்கழகம் சரி பாத்துச்சு. எரிபொருள் கம்பெனியோட கூட்டு வெச்சதுக்கு திட்டும் வாங்கினாங்க. ஆடற தரையில வர்ற கரண்ட் கொஞ்சம்தான், ஆனா ஒருத்தர் அதுல ஏறி குதிச்சா அவருக்கு விஷயம் ஞாபகம் இருக்கும், அந்த அளவுக்கு சரி.

கே: நாங்க ஒரு சின்ன ஃபெஸ்டிவல் நடத்தறோம், ரெண்டாயிரம் பேர் வருவாங்க. பட்ஜெட் கம்மி. ஒரே ஒரு மாற்றம்னா எதுல கை வைக்கணும்?

ப: ஜெனரேட்டர். பாக்க கவர்ச்சியா இருக்காது, யாரும் ஃபோட்டோ எடுக்க மாட்டாங்க, ஆனா செலவும் குறையும். எந்த ஸ்டேஜுக்கு, எந்த ஸ்டாலுக்கு எவ்வளவு லோடுன்னு யாரும் சரியா கேக்காம, பயத்துல பெருசா ஒண்ணு வாடகைக்கு எடுத்துடுவாங்க, அது ராத்திரி பகல் பாதி லோடு கூட இல்லாம ஓடி டீசலைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். ஒரு மாசம் முன்னாடி எல்லார்கிட்டயும் லோடு எழுதி வாங்குங்க, கெட்டில் எத்தனை, ஃப்ரிட்ஜ் எத்தனைன்னு. அதுக்கப்புறம் அளவா ஒண்ணு எடுத்து, கூட ஒரு பேட்டரி வெச்சா ராத்திரி பூரா ஜெனரேட்டரை அணைச்சுடலாம், டென்ட்ல தூங்கறவங்க உங்களை வாழ்த்துவாங்க. பக்கத்துல கரண்ட் கம்பம் இருந்தா அதுல இருந்தே கனெக்‌ஷன் கேளுங்க.

ரெண்டாவதா மனசு இருந்தா, டெபாசிட் கப். குடிக்க வாங்கறப்போ கப்புக்கு கொஞ்சம் பணம் கூட வாங்கிட்டு, திருப்பிக் குடுத்தா பணம் வாபஸ். யாராவது கீழ போட்டாலும் இன்னொருத்தர் பொறுக்கிட்டு வந்துடுவார், குப்பை பொறுக்க தனி ஆளே வேணாம். மக்கும் கப் வாங்கறதா இருந்தா ஜாக்கிரதை, அதுக்குன்னு தனி கம்போஸ்ட் ஆலை தேவைப்படும், அது உங்க பக்கத்துல இல்லேன்னா அதுவும் சாதா குப்பையோடதான் போகும், இதுல விலை வேற ஜாஸ்தி.

கே: ஃபெஸ்டிவல் ரோட்டையே மறிச்சு போராட்டம் பண்றாங்களே, அது சரியா?

ப: 2023 ஆகஸ்ட்ல நெவாடா பாலைவனத்துல பர்னிங் மேன் ஃபெஸ்டிவலுக்கு போற ரோட்டை சிலர் மறிச்சாங்க, மைல் கணக்கா வண்டி நின்னுச்சு, கடைசியில ஒரு ரேஞ்சர், அதாவது அந்தப் பகுதி காவலரோட வண்டி தடுப்பை இடிச்சுக்கிட்டே உள்ள பூந்துச்சு. செய்தி உலகம் பூரா போச்சு, உண்மை. ஆனா அவங்க என்ன கேட்டாங்கன்னு பத்து பேர்கிட்ட கேளுங்க, ஒன்பது பேருக்கு அந்த வண்டி இடிச்சதுதான் ஞாபகம் இருக்கும். தனியார் ஜெட்ல வராதேன்னு கேட்டாங்க, நியாயமான கேள்விதான். வெயில்ல கார்ல மாட்டிக்கிட்டவன் எவனும் ஜெட்ல வந்தவன் இல்லைங்கறதுதான் சிக்கல்.

கே: டிக்கெட் வாங்க வசதி இல்ல. வாலண்டியரா போனா ஃப்ரீயா உள்ள விடுவாங்களா?

ப: விடுவாங்க, ஆனா சும்மா இல்ல. ஆக்ஸ்ஃபாம் மாதிரி அமைப்புங்க கிளாஸ்டன்பரி போன்ற இடங்களுக்கு ஆள் எடுக்கறாங்க, வழக்கமா மூணு ஷிஃப்ட், ஒவ்வொண்ணும் எட்டு மணி நேரத்துக்கு மேல, அதுல ஒண்ணு ராத்திரியில விழலாம். முன்கூட்டியே ஒரு டெபாசிட் கட்டணும், எல்லா ஷிஃப்ட்டும் ஒழுங்கா முடிச்சா திருப்பித் தருவாங்க, பாட்டு கேக்கப் போய் ஷிஃப்ட்டை கட் அடிச்சா பணம் போச்சு. உங்களுக்குப் பிடிச்ச பேண்ட் பாடற நேரத்துல டியூட்டி விழ நல்ல வாய்ப்பு இருக்கு, அதுக்கு மனசை தயார் பண்ணிக்கோங்க. ரப்பர் பூட்ஸ், ரெயின்கோட், காதுக்கு அடைப்பான், சொந்த தண்ணி பாட்டில். விண்ணப்பம் கோடைக்கு பல மாசம் முன்னாடியே திறந்து சீக்கிரம் மூடிடும், அதனால குளிர்காலத்துலயே அவங்க பக்கத்தை பாத்துக்கிட்டு இருங்க.